பிறவிச் சக்கரம் என்று ஒன்று கிடையாது

பழைய பந்தயக் கார்களைச் செப்பனிட்டு ஓட்டுகிறவர்களிடம் ஒரு கொள்கை இறுகிக் கிடக்கிறது. என்ஜினைப் பிரித்துப் புது பிஸ்டன் போடலாம். துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு ஒட்டலாம். இருக்கைக்குப் புதுத் தோல் தைக்கலாம். வீல் மட்டும் அந்தக் காலத்தில் வார்த்த அதே வீலாக இருந்தாக வேண்டும். நான்கில் ஒன்று உடைந்திருந்தால், அதே ஆண்டில் அதே வார்ப்பு எண்ணோடு வந்த இன்னொன்று உலகின் எந்த மூலையிலாவது அகப்படும்வரை கார் ஸ்டாண்டின் மேலேயே நிற்கட்டும் என்கிறார்கள். புதிதாக வார்த்ததை மாட்டினால் கார் 'டூப்ளிகேட்' ஆகிவிடுமாம். ஏல அட்டவணைகள் இதையே ஓதுகின்றன. விலையும் இதன்படிதான் ஏறி இறங்குகிறது.

ரசனையுள்ளவர்கள் சொல்வது என்பதால் இதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. எதிர்த்தால் விஷயம் தெரியாதவன் என்ற பெயர் வரும். வந்தால் வரட்டும்.

இந்த எண்ணம் பந்தயத்திலிருந்து பிறந்ததே இல்லை. சாலைக் கார் சேகரிப்பவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. ஷோரூமிலிருந்து நேரே ஒருவர் வீட்டுக்குப் போன காரில் என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்ப்பதில் நியாயம் உண்டு. அந்தக் கார் ஒரு நாள், ஒரு வடிவத்தில், முடிந்த பொருளாக வெளியே வந்தது. பந்தயக் காருக்கு அப்படியொரு நாளே கிடையாது. இந்த ஞாயிறு ஓடிய கார் அடுத்த ஞாயிறுக்குள் பாதி வேறு காராகியிருக்கும்.

ஃபோர்டு ஜிடி40-ஐ எடுத்துக்கொள்வோம். 1964-இல் பிரான்சின் லெ மான் நெடுநேரப் பந்தயத்துக்கு முதன்முதலாக வந்தபோது அதில் இருந்தவை இத்தாலியின் போரானி கம்பி வீல்கள். வந்த மூன்று காரும் பந்தயத்தை முடிக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் பொறுப்பு அமெரிக்காவில் பந்தயக் குழு நடத்திய கரோல் ஷெல்பியின் கைக்குப் போனது. அவருடைய ஆட்கள் கம்பி வீலைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கலிஃபோர்னியாவின் ஹாலிபிராண்ட் மக்னீசியம் வீலை மாட்டினார்கள். 1965 பிப்ரவரியில் டேடோனா பந்தயத்தில் கென் மைல்ஸும் லாய்ட் ரூபியும் வென்றது அந்த வீலில்தான். பிறகு 1968, 1969 இரண்டு ஆண்டும் லெ மானை வென்ற 1075 எண்ணுள்ள கார், கல்ஃப் எண்ணெய்க் கம்பெனியின் வெளிர்நீலக் கார், பிஆர்எம் வார்த்த இன்னொரு வகை மக்னீசியம் வீலில் ஓடியது. ஐந்தாண்டுக்குள் மூன்று வம்சத்து வீல்கள்! இவற்றில் ஜிடி40-இன் பிறவிச் சக்கரம் எது? போரானிதான் என்றால் வென்ற கார்கள் எல்லாம் அசல் இல்லை என்றாகிறது. ஹாலிபிராண்ட்தான் என்றால் ஏற்கெனவே ஒருமுறை மாற்றியதை அசல் என்று ஒப்புக்கொண்டாயிற்று. மாற்றுவதை 1965-இல் செய்தால் வரலாறு, இன்று செய்தால் பாவம் என்பதற்கு என்ன கணக்கு?

ஜாகுவாரிலும் இதே கதைதான். 1951-லும் 1953-லும் லெ மானை வென்ற சி-டைப்பில் கம்பி வீல். அடுத்து வந்த டி-டைப்பில் டன்லப்பின் துளையிட்ட அலுமினியத் தட்டு வீல். பந்தயக் குழுவின் கிடங்கில் வீல் என்பது பிரேக் கட்டை, ஸ்பார்க் பிளக் போல வரவு செலவுப் பொருள். மழைக்கு ஓர் அகலம், வெயிலுக்கு ஓர் அகலம். நேற்று முன்னால் ஓடிய காரின் வீல் இன்று பின்னால் வந்த காருக்குப் போகும். ஓரத்துக் கல்லில் இடித்து நெளிந்ததைத் தூக்கிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டார்கள். இந்தக் காருக்கு இந்த நான்கு என்று எவரும் பேர் எழுதி வைக்கவில்லை. அவர்கள் செய்யாத திருமணத்துக்கு நாம் இன்று சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

காரின் அடையாளம் எதில் இருக்கிறது என்ற கேள்வி ஒருமுறை நீதிமன்றப் படியும் ஏறியது. 1929, 1930 இரண்டு ஆண்டும் வுல்ஃப் பர்னாட்டோ ஓட்டி லெ மானை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர் பெற்ற கார், ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசப்பட்டது. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் பின்வாங்கினார்கள். லெ மானில் ஓடிய காரின் பாகங்கள் இதில் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன, இது அந்தக் காரே இல்லை என்பது அவர்கள் வாதம். பாகக் கணக்கில் அது பொய்யும் இல்லை. லண்டன் உயர் நீதிமன்றத்தில் 1990-இல் நீதிபதி ஆட்டன் கொடுத்த தீர்ப்பு விற்றவர் பக்கம் நின்றது. பந்தயத்துக்காகவே மாற்றி மாற்றி, இடையில் அறுபடாமல் ஒரே காராக வாழ்ந்து வந்ததால் அந்தப் பெயர் அதற்கு உரியது என்று அவர் முடிவு செய்தார். சேஸிஸும் என்ஜினும் மாறியும் நிலைத்த பெயர் ஒரு வீல் மாறினால் போய்விடும் என்கிறார்கள் நம் ரசிகர்கள்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு லண்டன் தேவையே இல்லை. திருவாரூர் ஆழித்தேர் 1920-களில் தீக்கிரையானது, புதிதாகச் செய்தார்கள். பின்னாளில் அதற்கு வந்த இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் தொழிற்சாலையில் செய்தவை. வடம் பிடிக்கிறவர் எவரும் இது தியாகேசர் தேர் இல்லை என்று கையை விட்டதாகத் தெரியவில்லை. பிரேக் இல்லாத காலத்தில் முட்டுக்கட்டை போட்டவர்களின் நிலைமை என்னவாக இருந்தது என்பது ஊருக்குத் தெரியும்.

அடையாளத்தை விட்டுவிட்டு உலோகத்துக்கு வருவோம். எதிர்த்தரப்பு பேசவே விரும்பாத இடம் இது.

1924 ஆகஸ்டில் லியோனில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் எத்தோரே புகாட்டி தன் டைப் 35-ஐ இறக்கினார். கம்பி வீல்களின் நடுவே எட்டுத் தட்டை ஆரங்கள் கொண்ட வார்த்த அலுமினிய வீலோடு அது வந்து நின்றது. பிரேக் டிரம்மும் வீலும் ஒரே உடம்பு. வீலைக் கழற்றினால் டிரம்மும் கூடவே வந்துவிடும், பிரேக் கட்டைகள் கண்ணுக்கு நேரே நிற்கும். டயர் மாற்றுகிற நேரத்திலேயே தேய்மானத்தைப் பார்த்துவிடலாம். அன்றைக்கு டயர்கள் பிய்ந்து புகாட்டி தோற்றார். வென்றது ஆல்ஃபா ரோமியோ. ஆனால் 1925 முதல் 1929 வரை சிசிலியின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை ஐந்து ஆண்டும் புகாட்டியே எடுத்துக்கொண்டார். பந்தயக் கார் வீல்களில் இதைவிட அழகானது எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த அழகின் வாழ்க்கையைக் கொஞ்சம் யோசியுங்கள். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் பிரேக்கின் சூடு அந்த வார்ப்பில் ஏறுகிறது. சூடு தணிவதற்குள் வளைவின் பக்கச் சுமை ஆரங்களை வளைக்கிறது. நேர்ப்பாதையில் காற்று பட்டுக் குளிர்கிறது. அடுத்த வளைவில் மறுபடி. இரும்புக்கு ஒரு தயவு உண்டு; சுமை ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் எத்தனை முறை வந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஒவ்வொரு சுற்றும் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். அந்தக் கணக்கு வீலின் மேல் எங்கும் எழுதியிருக்காது. நூறு ஆண்டில் யார் யார் ஓட்டினார்கள், எந்தப் பள்ளத்தில் இறக்கினார்கள், எந்தப் பட்டறையில் சுத்தியலால் தட்டி நேராக்கினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

மக்னீசியம் இன்னும் மோசம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டெட் ஹாலிபிராண்ட் இண்டியானாபோலிஸ் கார்களுக்கு அதில் வீல் வார்த்ததற்குக் காரணம் எடை. ஒரு லிட்டர் அளவு அலுமினியம் 2.7 கிலோ என்றால் மக்னீசியம் 1.74 கிலோதான். ஸ்பிரிங்குக்குக் கீழே குறைகிற ஒவ்வொரு கிலோவும் டயரைத் தரையோடு ஒட்ட வைக்கும். லோட்டஸ் கார்களுக்குக் காலின் சாப்மன் மக்னீசியத்தையே அலைபோல நெளிந்த மெல்லிய தகடாக வார்த்தார், ஆரமே இல்லாமல். ஆனால் எஃகு நட்டும் ஈரமும் சேர்ந்தால் அரிப்பு முதலில் மக்னீசியத்தைத்தான் தின்னும். அந்தக் கால வார்ப்புகளில் இரும்பு, நிக்கல், செம்புக் கசடு கலந்திருந்தால் அரிப்புக்கு இன்னும் வேகம். பெயின்ட்டுக்கு அடியில் அது வெண்பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும்போது மேலே பளபளப்பு அப்படியே இருக்கும். அதனால்தான் 'பெட்டி பிரிக்காத பழைய சரக்கு, ஒரு மைல்கூட ஓடாதது' என்று விற்கிறவரைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஓடாத வீலுக்குச் சுமைக் களைப்பு இல்லை, சரி. ஐம்பது ஆண்டு ஈரக் கிடங்கில் அது என்ன விரதமா இருந்தது?

செய்தவர்களே இந்த உலோகங்களை நம்பவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். போர்ஷே 917-இன் அலுமினியக் குழாய்ச் சட்டத்துக்குள் அழுத்தத்தில் வாயுவை அடைத்து மானி வைத்தார்கள். முள் இறங்கினால் எங்கோ வெல்டில் விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அது புத்தம் புதுக் கார். 1971-இல் லெ மானை வென்ற 917-இன் சட்டமே மக்னீசியம். ஒரு பந்தயம் தாங்கினால் போதும் என்று இழைத்த பொருளை, பேரன் காலத்திலும் மூன்று இலக்க வேகத்தில் ஓட்டுவோம் என்று அடம்பிடிப்பதற்குப் பெயர் மரியாதையா?

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்கிறோம், சாயம் தடவி விரிசல் தேடுகிறோம் என்பார்கள். நல்ல பழக்கம்தான், செய்ய வேண்டியதும்தான். ஆனால் சாயம் மேற்பரப்பில் வாய் திறந்த விரிசலைத்தான் காட்டும். எக்ஸ்ரே வார்ப்பின் உள்ளே இருக்கிற காற்றுக் குமிழிகளைக் காட்டும். நாளை திறக்கப்போகிற விரிசலைக் காட்ட இரண்டாலும் ஆகாது. சோதனையில் தேறிய வீல் என்றால் அன்று காலை வரை உடையாத வீல் என்பதுதான் பொருள்.

உடைந்தால் என்ன ஆகும்? 1960 ஜூனில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் பயிற்சியின்போது ஓட்டுநர் ஸ்டர்லிங் மாஸின் லோட்டஸ் 18-இல் பின்பக்க அச்சுமுனை முறிந்து சக்கரம் கழன்றது. காலும் முதுகும் முறிந்து கிடந்தார். முறிந்தது வீல் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்; ஆனால் வேகத்தில் ஒரு சக்கரம் இல்லாமல் போனால் அதற்குப் பின் ஓட்டுநர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. மாஸைப்போல ஓட்டத் தெரிந்தவருக்கே அந்தக் கதி. என் உயிர், என் பணம், என் கார் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் பந்தயத் தடத்தில் பாதிதான் செல்லும். 1955-இல் லெ மானில் மெர்சிடிஸிலிருந்து பிய்ந்து பறந்த என்ஜினும் முன் அச்சும் பார்வையாளர் கூட்டத்துக்குள் புகுந்ததில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த விபத்துக்குக் காரணம் வேறு. ஆனால் கழன்ற பாகம் அனுமதிச் சீட்டு வாங்கியவரையும் கொடி பிடிக்கிறவரையும் பிரித்துப் பார்க்காது. அவர்கள் யாரும் பழைய மக்னீசியத்தின் அழகுக்காகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை.

இன்னொரு முரண்பாடு எனக்குப் பிடிபடவே இல்லை. டன்லப் அந்தக் கால டிசைனிலேயே புது ரேஸிங் டயர் செய்து தருகிறது. 1957-ஆம் ஆண்டு ரப்பரைத் தேடி எவரும் அலைவதில்லை. பழைய பெட்ரோல் டேங்குக்குள் வெடிக்காத ரப்பர்ப் பை வைத்துக்கொள்கிறார்கள். பெல்ட், தீயணைப்பான், தலைக்குப் பின்னால் உருள் கம்பி எல்லாம் நம் காலத்தவை. கம்பி வீலில் பழைய ஆரங்களைக் கழற்றிப் புது ஆரம் கோத்துக்கொள்வதும் சகஜம். இத்தாலியில் போரானி பெயரில் இன்றும் புதுக் கம்பி வீல் வருகிறது, வாங்கி மாட்டுகிறார்கள். இத்தனைக்கும் வாய் மூடி இருந்துவிட்டு, வார்ப்பு வீல் என்றதும் மட்டும் ஆசாரம் பேசுவது ஏன்? டயர் தேய்ந்து தீர்வது கண்ணுக்குத் தெரிகிறது. வீல் தேய்வது தெரிவதில்லை. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

எதிர்த்தரப்பில் கேட்க வேண்டிய வாதங்கள் இரண்டு உண்டு. ஒன்று, சந்தையில் கிடைக்கிற பல புது வீல்கள் மட்டமானவை என்பது. முழுக்க ஒப்புக்கொள்கிறேன். பழைய வீலையே மணலில் பதித்து அச்செடுத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அலுமினியம் உறைந்து குளிரும்போது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் பங்கு சுருங்கும். 15 அங்குல வீலில் அது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். டயரின் விளிம்பு உட்கார வேண்டிய இடத்தில் 5 மில்லிமீட்டர் போனால் அது வீலே இல்லை, அலங்காரத் தட்டு. கோயம்புத்தூரில் மோட்டார் பம்புக்கு பேட்டர்ன் செய்கிற ஆசாரி இதை முதல் நாளே சொல்லிவிடுவார். பேட்டர்னைச் சுருக்கத்துக்கும் கடைசலுக்கும் சேர்த்துப் பெரிதாகச் செய்ய வேண்டும். பழையதை அளக்கலாம், பிரதியெடுக்கக் கூடாது. ஹப்பின் முகத்திலிருந்து வீலின் நடுக்கோடு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற ஆஃப்செட் பிசகினால் பேரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் போகும் சுமையே மாறிவிடும். நெளிந்த தகட்டு லோட்டஸ் வீலில் தடிமன் ஓரிடம் போல் ஓரிடம் இல்லை; எங்கே ஏன் தடித்திருக்கிறது என்று புரியாமல் ஸ்கேன் செய்து ஒரே சீராக்கினால் பலவீனத்தைத்தான் வார்க்கிறோம். ஊற்றிய பிறகு வெப்பப் பதம், ஒவ்வொன்றுக்கும் எக்ஸ்ரே, பிறகுதான் லேத். இதையெல்லாம் செய்கிற ஃபவுண்டரிகள் உண்டு, விலையும் அதற்கேற்ப உண்டு. மட்டமான புது வீலுக்கு மருந்து நல்ல புது வீல்தானே? மட்டமான மருத்துவரைப் பார்த்துவிட்டு நோயே தேவலை என்று வீட்டுக்குத் திரும்புவதா?

இரண்டாவது, எடை. மக்னீசியத்தில் இருந்த அதே வடிவத்தை அலுமினியத்தில் ஊற்றினால் எடை ஒன்றரை மடங்குக்கும் மேல் ஆகிறது, கார் அந்தக் காலத்தில் ஓடியதுபோல ஓடாது என்கிறார்கள். உண்மை. ஓட்டத்தை அப்படியே காக்க வேண்டுமென்றால் மக்னீசியத்திலேயே மறுபடி வார்க்கலாம். இரும்பு, நிக்கல், செம்புக் கசடு குறைந்த தூய கலவைகள் இப்போது இருக்கின்றன. அந்தக் காலத்ததைவிட அரிப்பைப் பல மடங்கு தாங்குபவை. அப்படி வார்த்த வீல், ஹாலிபிராண்டின் பட்டறையிலிருந்து அன்று சூடாக வந்த வீலுக்குத்தான் நெருக்கம். அரித்துக் களைத்த பழைய வீல் ஒரு காலத்தில் அதுவாக இருந்தது, அவ்வளவுதான். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ வரலாற்றுப் பந்தயங்களுக்கு வகுத்த விதித்தொகுப்பான பின்னிணைப்பு கே-யின் அடிப்படையும் இதுதான்: கார் அந்தக் காலத்தில் இருந்த அமைப்பில் இருக்கிறதா என்பதே கேள்வி.

இந்த இரண்டும் போக, பழைய வீலில் சாட்சியம் இருக்கிறது என்கிற குரலுக்கு நான் தலைவணங்குகிறேன். வார்ப்பு எண், கடைசல் தடம், அன்றைய மெக்கானிக் உளியால் கொத்திய அடையாளம், எடை சரிபார்க்கத் துளைத்த துளை எல்லாம் ஆவணங்கள். ஆவணத்தைக் கழற்றித் தனியே வையுங்கள், ஈரம் படாமல் வையுங்கள், படமெடுத்துக் காரின் கோப்பில் சேருங்கள். அதன் மேல் டயர் மாட்டி ஓரக்கல்லில் ஏற்றுகிறவர் எப்படி ஆவணக் காப்பாளர் ஆவார்? பழைய வண்டிகளின் உலகக் கூட்டமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனம், புதிதாகச் சேர்த்த பாகங்களை நிலையான குறியிட்டு அடையாளம் காட்டச் சொல்கிறது. புது வீலின் உட்புறத்தில் ஆண்டையும் ஃபவுண்டரியையும் பொறித்துவிட்டால் எவரையும் ஏமாற்றும் பேச்சே இல்லை. ஏமாற்று எங்கே வருகிறது என்றால், பழையதற்கு மட்டுமே விலை என்று சந்தையைப் பழக்கி வைத்திருக்கிற இடத்தில். புதிய வார்ப்பில் பழைய எண்ணைப் பொறித்து, அமிலத்தில் கறுக்க வைக்கத் தூண்டுவது அந்த விலைதான்.

அந்த விலை இன்னொன்றும் செய்கிறது. பழைய வீல்கள் இனிப் பிறக்கப்போவதில்லை. ஒருவர் தன் கார் முழுமையாக வேண்டுமென்று ஒரு ஜோடியை வாங்கினால் இன்னொரு கார் மொட்டையாகிறது. நல்ல நான்கு வீலோடு எங்கோ தூசியில் நின்ற கார், அந்த வீலுக்காகவே பிரிக்கப்படுகிறது. காப்பாற்றுகிறோம் என்று கிளம்பியவர்கள் ஒன்றைக் காப்பாற்ற ஒன்றை அறுக்கிறார்கள். இன்னொரு பக்கம், வேலையில்லாமல் கிடக்கிற பேட்டர்ன் பட்டறைகளுக்கு வரவேண்டிய பணம் இடைத்தரகர் பைக்குப் போகிறது. ஒரு நல்ல பேட்டர்ன் இருந்தால் ஒரு கார் அல்ல, அந்த வகைக் கார் அத்தனையும் ஓடும்.

ஏல அட்டவணை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'அந்தக் கால மக்னீசியம் வீல்களுடன்' என்று தடித்த எழுத்தில் அச்சிடுகிறீர்கள். அந்த வீல்களைக் கடைசியாகச் சோதித்தது எந்த ஆண்டு, ஓட்டுவதற்கென்று கூடவே வருகிற புது வீல்கள் எந்தக் கலவையில் எங்கே வார்த்தவை என்ற இரண்டு வரியையும் அதே தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். அந்த இரண்டு வரி இல்லாத காருக்கு எவ்வளவு கேட்பது என்பதை ஏலத்தில் கை தூக்குகிறவரே பார்த்துக்கொள்வார்.